சித்தப்பாவின் ஒரு ஏக்கரும் நான்கு வழிகளும்

செங்கல்பட்டுக்கு மேற்கே என் சித்தப்பாவுக்கு ஒரு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. ஏரிப் பாசனம். ஒரு போகம் நெல், மழை கைகொடுத்தால் பின்னால் கொஞ்சம் உளுந்து. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது கேட்டார்: "ஏன்டா, இந்தப் பக்கமெல்லாம் புது டவுன் வருதாமே. வித்துடலாமா, வச்சிருக்கலாமா?"

அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருமழிசை, திருவள்ளூர், மீஞ்சூர் ஆகிய ஊர்களை ஒட்டித் துணை நகரங்களுக்குத் திட்டம் போடுகிறார்கள். இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பூங்கா எங்கே, மெட்ரோ எங்கே என்று பார்க்கிறார்கள். நான் வேறு பக்கமிருந்து பார்க்கிறேன். வயல் எந்தக் கை வழியாக மனையாகிறது என்பதைச் சொல்லுங்கள், அந்த ஊர் இருபது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நம் நாட்டில் அதற்கு நான்கு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. சித்தப்பாவின் ஒரு ஏக்கரையே அளவுகோலாக வைத்து நான்கையும் பார்க்கலாம். ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி, அதாவது சுமார் 18 கிரவுண்ட் (ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி).

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது: லேஅவுட். புரோமோட்டர் வருவார், அட்வான்ஸ் கொடுப்பார், பவர் எழுதி வாங்குவார். பக்கத்துப் பட்டாக்கள் நாலைந்தைச் சேர்த்து இருபது முப்பது ஏக்கர் ஆனதும் கல் நட்டுக் கொடி கட்டிவிடுவார். 23 அடி ரோடு, 30 அடி ரோடு, முகப்பில் ஒரு வளைவு. ரோட்டுக்குச் சுமார் 30 சதவீதம் போகும் என்று வைத்துக்கொள்வோம். லேஅவுட் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக, ஓ.எஸ்.ஆர். என்று சொல்வார்களே, அப்படித் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். கடைசியில் ஏக்கருக்குச் சுமார் 11 கிரவுண்ட் மனை தேறும். அத்தனையும் புரோமோட்டருக்கு. சித்தப்பாவுக்குப் பணம்.

இந்த வழியைத் திட்டுவது சுலபம், ஆனால் இதன் பலத்தையும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் கையில் காசு. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நிலத்தை விற்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. வாங்குகிறவருக்கும் கைக்கு எட்டுகிற விலையில் ஒரு மனை. புறநகரில் நடுத்தர வர்க்கம் சொந்த வீடு கட்டியது பெரும்பாலும் இப்படித்தான்.

சிக்கல் லேஅவுட்டின் எல்லையில் இருக்கிறது. புரோமோட்டரின் நிலம் முடிகிற இடத்தில் ரோடும் முடிகிறது. பக்கத்து லேஅவுட்டின் ரோடு பத்தடி தள்ளி ஆரம்பிக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். ஐம்பது லேஅவுட் சேர்ந்தாலும் பஸ் நுழைகிற மாதிரி ஒரு ரோடு உருவாகாது. பள்ளிக்கூடத்துக்கு, ரேஷன் கடைக்கு, சுடுகாட்டுக்கு யாரும் இடம் விட்டிருக்க மாட்டார்கள். பூங்கா எங்கே என்று கேட்டால், மேலே மின்கம்பி போகிற ஒரு முக்கோணத்தைக் காட்டுவார்கள். இது அனுமதி பெற்ற லேஅவுட்டின் கதை. அனுமதியே பெறாதவை எத்தனை இருந்தன என்பது 2016 செப்டம்பரில் தெரிந்தது. அத்தகைய மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும் பத்திரப் பதிவே ஆட்டம் கண்டது. பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முந்தையவற்றை வரன்முறைப்படுத்த அரசு தனியாக விதி போட வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி, அரசே நிலத்தை எடுத்து ஊர் கட்டுவது. அண்ணா நகரை நினைத்துக்கொள்ளுங்கள். 1968 உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய பகுதி. இன்றைக்கும் அங்கே நடந்தால் நிழல் இருக்கிறது, ரோடு ரோடாக இருக்கிறது. அதையே ஊருக்கு வெளியே செய்து பார்த்தது மறைமலை நகர். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., ஜி.எஸ்.டி. ரோட்டில் போட்ட துணை நகரம். தொழிற்சாலைகள் வந்தன, 1990களில் ஃபோர்டு கார் ஆலையும் வந்தது. ஆனால் குடியேற்றம் மட்டும் எதிர்பார்த்த வேகத்தில் நடக்கவில்லை. வேலை அங்கே, வீடு தாம்பரத்தில் என்று ரயிலில் போய் வந்தவர்கள் ஏராளம்.

அரசு எடுத்தால் சித்தப்பாவுக்கு ஒரு கிரவுண்டும் திரும்பி வராது, பணம்தான். 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் அது அற்பம். 2013-இல் இயற்றி 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் நிலைமையை மாற்றியது: கிராமப்புறத்தில் சந்தை மதிப்பின் 4 மடங்கு வரை தர வழியிருக்கிறது. ஆனால் அந்தச் 'சந்தை மதிப்பு' பத்திரத்தில் எழுதிய விலையிலிருந்து வருகிறது. முத்திரைத் தாள் செலவை மிச்சம் பிடிக்க நாமே குறைத்து எழுதிய விலை. நாம் வெட்டிய பள்ளம்தான். அதோடு, இன்றைக்கு விவசாயிகள் முன்பு மாதிரி பேசாமல் கொடுத்துவிட மாட்டார்கள். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து போராடுவதைப் பார்க்கிறோம். விமான நிலையத்துக்கே அப்படியென்றால் வீட்டு மனைக்கு யார் சும்மா விடுவார்கள்?

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது, நம் பக்கம் அதிகம் பேசப்படாததும் அதுதான். அகமதாபாத்தில் 'டி.பி. ஸ்கீம்' (டவுன் பிளானிங் ஸ்கீம்) என்றால் பெட்டிக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். 1915-ஆம் ஆண்டு பம்பாய் நகரமைப்புச் சட்டத்தில் பிறந்து, குஜராத்தின் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வளர்ந்த முறை.

செய்வது இதுதான். நகர ஓரத்தில் சுமார் 100 ஹெக்டேரை ஒரு திட்டமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதிலுள்ள எல்லாப் பட்டாக்களையும், கோணல்மாணலான வரப்புகளோடு, ஒரே வரைபடத்தில் வைக்கிறார்கள். யாரிடமிருந்தும் நிலத்தை முழுதாக வாங்குவதில்லை. ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரே விகிதத்தில், பொதுவாக 40 சதவீதம் வரை, வெட்டிக்கொண்டு மீதியைச் சதுரமாகத் திருத்தி, ரோட்டைப் பார்த்த மனையாக, முடிந்தவரை பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே திருப்பித் தருகிறார்கள். வெட்டியதில் ரோடு, பூங்கா, பள்ளிக்கூடம், ஏழைகளுக்கு வீடு. கொஞ்சத்தை நகர வளர்ச்சி ஆணையமே வைத்திருந்து விற்றுச் சாக்கடைக்கும் குடிநீருக்கும் செலவழிக்கிறது. நில மதிப்பு உயர்வதில் பாதி வரை உரிமையாளரிடம் கட்டணமாகவும் வசூலிக்கலாம். அகமதாபாத்தைச் சுற்றி 76 கிலோமீட்டர் வட்டச் சாலை போட்டபோது அதன் நிலத்தில் பெரும்பகுதி இப்படித்தான் வந்தது. 2001 பூகம்பத்தில் இடிந்த புஜ் நகரின் சந்துகளை அகலப்படுத்தவும் இதே முறைதான் கைகொடுத்தது.

சித்தப்பாவின் கணக்கைப் பார்ப்போம். 40 சதவீதம் போனால் மிச்சம் சுமார் 11 கிரவுண்ட். லேஅவுட்டில் தேறியதும் ஏறத்தாழ அதே 11 தான்! அங்கே புரோமோட்டர் கையில் இருந்தது இங்கே சித்தப்பா கையில் இருக்கிறது. (ஒரு திருத்தம்: அந்த 11 கிரவுண்டை மேலும் சின்ன மனைகளாகப் பிரித்தால் உள் வழிக்குக் கொஞ்சம் போகும். கட்டணமும் இருக்கிறது. அப்படியிருந்தும் வித்தியாசம் பெரியது.)

இதன் தம்பி போல அமராவதி. 2015 வாக்கில் ஆந்திரத்தில் புதுத் தலைநகருக்காக 30,000 ஏக்கருக்கும் மேலே விவசாயிகள் ஒப்படைத்தார்கள். புன்செய் ஏக்கருக்கு 1,000 சதுர கெஜம் வீட்டு மனை, 250 சதுர கெஜம் வணிக மனை. ஆற்றோரத்து 'ஜரீபு' நிலமென்றால் வணிக மனை 450. நம் கணக்கில் இரண்டுமே சுமார் ஐந்து கிரவுண்ட். கூடவே பத்து வருடம் ஆண்டுத் தொகை. 60 சதவீதம் திரும்பக் கிடைக்கிற ஊர் இருக்கும்போது 26, 30 சதவீதத்துக்கு ஏன் சம்மதித்தார்கள்? தலைநகர் வந்தால் ஒரு கெஜம் என்ன விலை போகும் என்ற நம்பிக்கை. 2019-இல் ஆட்சி மாறியது, மூன்று தலைநகரம் என்றார்கள், வேலை நின்றது. 2024-இல் மறுபடி ஆட்சி மாறிய பிறகே உயிர் வந்தது. நடுவில் அந்த விவசாயிகளிடம் வயலும் இல்லை, நகரமும் இல்லை. அகமதாபாத் முறையில் அந்த அபாயம் குறைவு, ஏனென்றால் அது எந்தத் தலைவரின் கனவுத் திட்டமும் இல்லை. நூறு ஹெக்டேர், நூறு ஹெக்டேராக நகர்கிற அலுவலக வேலை.

அலுவலக வேலை என்பதுதான் அதன் குறையும். வரைவு, பூர்வாங்கம், இறுதி என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் ஆட்சேபணை, விசாரணை. முழுதாக முடியப் பத்து வருடத்துக்கு மேல் இழுத்தவை உண்டு. 1999-இல் சட்டத்தைத் திருத்தி, வரைவுக்கு ஒப்புதல் கிடைத்ததுமே ரோட்டு நிலத்தை எடுக்கலாம் என்றார்கள். ரோடு வந்துவிட்டால் மீதி மெதுவாக வரட்டும் என்கிற நடைமுறை புத்தி.

நான்காவது வழி புணேயில் இருக்கிறது. ஹடப்சர் பக்கம் மகர்பட்டா. சுமார் 120 விவசாயக் குடும்பங்கள், ஏறக்குறைய 400 ஏக்கர். நகரம் நெருங்கி வருவதைப் பார்த்துவிட்டு, பில்டருக்கு விற்காமல், 1990களில் தாங்களே ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். கொடுத்த நிலத்துக்கு ஏற்றபடி பங்கு. சதீஷ் மகர் முன்னே நின்றார். 2000 வாக்கில் கட்டத் தொடங்கி, ஐ.டி. வளாகம், வீடுகள், பள்ளி, மருத்துவமனை, நடுவில் பெரிய தோட்டம் என்று ஒரு நகரத்தையே எழுப்பினார்கள். வேலையும் வீடும் ஒரே இடத்தில். மறைமலை நகரில் கூடாதது அங்கே கூடியது. வீட்டுப் பையன்கள் பலர் அதே இடத்தில் ஒப்பந்ததாரர்களாக ஆனார்கள். அரசியல்வாதிகளும் மாணவர்களும் போய்ப் பார்த்து வியக்கிற ஊர்.

வியக்கலாம். ஆனால் அங்கே நிலத்தில் கணிசமானது மகர் என்ற ஒரே பங்காளிக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களிடம் இருந்தது. வங்கியிலும் தலைமைச் செயலகத்திலும் பேசத் தெரிந்த ஒருவர் அவர்களுக்குள்ளேயே இருந்தார். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி இருவருக்கு வரப்புத் தகராறு பதினாலு வருடமாக முன்சீப் கோர்ட்டில் நடக்கிறது. அவர்களைப் பங்குதாரர்கள் ஆக்குகிற யோசனையை நான் சித்தப்பாவிடம் சொல்லவே இல்லை.

சரி, கிரவுண்ட் கணக்கை விட்டுவிடலாம். ஊர் என்பதைப் பட்டாக்காரர்கள் மட்டும் சேர்ந்து செய்துவிட முடியாது. அந்த ஒரு ஏக்கரில் முப்பது வருடமாக நடவு நடுகிற பெண்கள் இருக்கிறார்கள். லேஅவுட்டில் அவர்களுக்கு எதுவும் இல்லை. மகர்பட்டா முறையில் நிலம்தான் பங்கு, நிலமில்லாதவருக்கு என்ன பங்கு? அமராவதியில் நிலமற்ற குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய் உதவித்தொகை வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் பயப்படுகிற நில எடுப்பில்தான், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகைதாரரும் கூலிக்காரரும்கூடப் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற கணக்கில் வருகிறார்கள். யார் யாருக்குப் பக்கத்து வீடு என்பதையே திட்டமாக எழுதியது தமிழ்நாட்டில் ஒன்றுதான்: பெரியார் நினைவு சமத்துவபுரம். 100 வீட்டில் 40 ஆதிதிராவிடர், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 10 மற்றவர். நல்ல எண்ணம். ஆனால் வேலை, பஸ், கடை எல்லாம் ஊருக்குள் இருக்கும்போது வீடுகளை மட்டும் ஊருக்கு வெளியே வைத்தால் எப்படி வளரும் என்ற கேள்வி அதற்கும் உண்டு.

அப்புறம் தண்ணீர். சென்னையின் ஓரத்தில் ஊர் கட்டுவது ஏரிக்குக் கீழே ஊர் கட்டுவதுதான். கலங்கல், வாய்க்கால், அடுத்த ஏரி என்று சங்கிலி. லேஅவுட் அதைத் துண்டு துண்டாகப் பார்க்கிறது. தன் எல்லைக்குள் வருகிற வாய்க்காலுக்கு இரண்டடிக் குழாய் போட்டு மேலே மண் தள்ளிவிட்டால் புரோமோட்டர் வேலை முடிந்தது. அடையாற்றங்கரை முடிச்சூர் 2015 டிசம்பரில் எப்படித் தண்ணீரில் நின்றது என்று பார்த்தோம். நூறு ஹெக்டேரை ஒரே தாளில் வைக்கிற முறையில்தான் வாய்க்காலை வாய்க்காலாகவே வரைய முடியும், அதற்கான நிலத்தை எல்லோரிடமிருந்தும் சமமாக எடுக்க முடியும். ஒருவர் தலையில் மட்டும் விழாது. நான் டி.பி. முறைக்கு ஓட்டுப் போடுவதற்கு முதல் காரணம் 11 கிரவுண்ட் இல்லை, இதுதான்.

நம் நகரமைப்புச் சட்டத்திலும் இப்படி நிலத்தைச் சேர்த்துத் திருத்தித் திருப்பித் தருகிற நிலத் தொகுப்புக்கு இப்போது இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பத்து வருஷம் ஆகும்ன்ற. எனக்கு அறுபத்தெட்டு."

"இப்பவே விக்க வேணாம் சித்தப்பா. முதல்ல பட்டாவத் தனியாப் பிரிச்சு எஃப்.எம்.பி. அளவு வரைபடம் வாங்கி வைங்க. சுத்தி இருக்கிற நாலு பேர்கிட்டயும் பேசுங்க."

"நாலு பேரா? மேக்காலக்காரர் போன வாரம் அட்வான்ஸ் வாங்கிட்டாரு."

ஏரியிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் அவர் நிலத்தின் வழியாகத்தான் வருகிறது.