கிளி நாறுதுன்னா ஸ்ப்ரே விக்கிற கடைக்காரங்ககிட்ட உஷாரா இருங்க (மதுரை மக்களுக்கு)

மதுரைல கானூர், காக்டெயில், லவ் பேர்ட்ஸ்னு எந்தக் கிளி வளத்தாலும் சரி, ஒரு விஷயத்த மொதல்லயே சொல்லிர்றேன். நல்லா இருக்க கிளி நாறாது. காக்டெயில்னா றெக்கையில இருந்து உதிர்ற பவுடரால லேசா ஒரு வாடை இருக்கும், சில வகைக்கு தோள்ல வச்சு மோந்து பாத்தாத்தான் தெரியுற மாதிரி ஒரு வாடை இருக்கும், அம்புட்டுதான். கூண்டுகிட்ட போனாலே மூக்கப் பொத்துற மாதிரி புளிச்ச வாடையோ அழுகுன வாடையோ அடிச்சா அது கிளியோட கொணம் கெடையாது, தீனியிலயோ ஒடம்புலயோ கூண்டு சுத்தத்துலயோ ஏதோ கோளாறு. "கிளின்னா நாறத்தான்க்கா செய்யும்"னு எங்கிட்ட ஒரு கடைக்காரரு சொல்லி, அந்த நாத்தத்துக்கு ஒன்னு மாத்தி ஒன்னா சாமான் வித்து, காசையும் புடுங்கி கடைசில எங்க கிளி மஞ்சுவ சாகக் கெடக்க வச்சுட்டாரு. கடை பேரு போடல, போட்டா வேற வம்பு வரும். டவுனுக்குள்ளதான்னு மட்டும் வச்சுக்கோங்க.

மஞ்சு சன் கானூர்ங்கிற கிளி வகை. எங்க சித்தப்பா துபாய் கெளம்பும்போது அவரு வளத்தத பதிவுப் பேப்பரோட எங்ககிட்ட குடுத்துட்டுப் போனாரு. வரும்போது நல்லா பளபளன்னு கத்தல் ஆட்டம்னு ஒரே ரவுசு. சித்தப்பா குடுத்த பெல்லட் (தானியம், சத்தெல்லாம் அரைச்சு உருட்டுன கம்பெனித் தீனி) தீந்ததும் அந்தக் கடைக்குப் போய் அதே பெல்லட் கேட்டேன். இல்லன்னு சொல்லியிருந்தா வேற எங்கிட்டாச்சும் போயிருப்பேன். அவரு சொன்னது என்னன்னா, "பெல்லட்டெல்லாம் கெமிக்கல்க்கா, கிட்னி போயிரும், கிளிக்கு விதைதான் இயற்கை, நம்ம ஃபாரின் மிக்ஸ் போடுங்க, வெளிநாட்டுல இருந்து வருது". கிலோ 480 ரூபா. வெறும் ஜிப் கவர், மேல ஒரு எழுத்து கெடையாது, பேக் பண்ண தேதி இல்ல, யாரு பேக் பண்ணாங்கன்னு இல்ல. காய்கறி குடுக்கலாமாண்ணேன்னு கேட்டதுக்கு, பேதி புடுங்கும் வேணாம், வேணும்னா பால் சோறு குடுங்கன்னாரு. பறவைக்குப் பால்ல இருக்க சக்கரய செரிக்க ஒடம்புல வழியே இல்ல, பேதி வர்றதுன்னா அதுலதான் வரும். இது எனக்கு அப்புறமாத்தான் டாக்டர் சொல்லித் தெரியும்.

அந்த மிக்ஸ்ல முக்காவாசி சூரியகாந்தி விதை, கொஞ்சம் குசும்பா விதை, கொஞ்சம் தினை, உரிச்ச கடலை, நடுவுல கலர் கலரா பிஸ்கட்டு ஒடச்ச மாதிரி ஏதோ தூள். மஞ்சு சூரியகாந்திய மட்டும் பொறுக்கித் தின்னுட்டு மத்தத தட்டி விட்ரும். கடைக்காரரு அதுக்கும் ஒரு பதில் வச்சிருந்தாரு, "பாத்தீங்களா எம்புட்டு விரும்பித் திங்குது". விரும்பத்தான செய்யும், அந்தப் பருப்புல பாதிக்குப் பாதி எண்ணெய். அதுல விட்டமின் ஏ ஒன்னுமே இல்லன்னு சொல்லலாம், கால்சியமும் கம்மி. கொழுப்பு போய் ஈரல்ல படியும், விட்டமின் ஏ இல்லாம வாய், மூக்கு, தொண்டைக்குள்ள இருக்க மெல்லிய தோலு தடிச்சுக் கெட்டுப் போகும், கெட்டுப்போன எடத்துல கிருமி குடியேறும், அங்கயிருந்துதான் நாத்தம் ஆரம்பிக்குது.

எங்க அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம், காலம் பூரா கோழி வளத்தவங்க. கவரத் தெறந்து ஒரு தடவ மோந்து பாத்துட்டு, "ஏ இது எண்ணெ காறுன வாடைடி, எங்கிட்டோ மூட்டைல கெடந்து புழுங்குன சரக்கு, கோழிக்குக்கூட போடமாட்டேன்"னு சொல்லிருச்சு. நான் அதக் கடையில போய் அப்படியே சொன்னேன். சிரிச்சாரு மனுசன். "பாட்டிக்கு நாட்டு சரக்குதான தெரியும், ஃபாரின் சரக்கு அப்படித்தான்க்கா வாடை இருக்கும்". கடலைக்குள்ள கருப்பா பூஞ்சை ஓடியிருந்தத காட்டுனதுக்கு, வறுத்துப் போடுங்க சரியாயிரும்னாரு. கடலைல வர்ற அந்தப் பூஞ்சை விடுற விஷம் வறுத்தாலும் கழுவுனாலும் முழுசா போகாது, நேரா ஈரலத்தான் அடிக்கும், இத கோழிப்பண்ணைக்காரங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. பறவை தீனி விக்கிறவருக்குத் தெரியாதாம்.

அப்புறம் நாத்தம் கெளம்புச்சு. மொதல்ல கூண்டுத் தட்டுன்னு நெனச்சு தெனமும் பேப்பர் மாத்தி, குச்சியெல்லாம் கழுவிக் காயப்போட்டும் போகல. வாய்கிட்ட மோந்தா புளிச்ச மாவு வாடை. எச்சம் தண்ணியா, பிசுபிசுன்னு. கடைக்குப் போனேன், கூண்டுல அடிக்க ஒரு ஸ்ப்ரே குடுத்தாரு, மல்லிகைப்பூ செண்டு வாடை. பறவைக்கு நுரையீரல் எம்புட்டு நொய்யின்னு தெரிஞ்சவங்க எவனும் கூண்டுக்குள்ள செண்டு அடிக்கச் சொல்லமாட்டான், நாங்க அத ஒருநாளும் அடிக்கல, இன்னும் அப்படியே இருக்கு. அடுத்து செவப்புக் கலர்ல விட்டமின் டிராப்ஸ், தண்ணியில கலந்து வைங்கன்னாரு. அதுக்கும் கேக்கலைன்னதும் ஒரு மஞ்சப் பொடி, வெறும் பேப்பர்ல மடிச்சு, கோழிக்குப் போடுறதுதான், டெட்ராசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக், ஒரு சிட்டிகை போடுங்க ரெண்டே நாள்ல நாத்தம் நின்னுரும்னு. மருந்துக் கடை லைசென்ஸ் இல்லாத ஒருத்தரு மருந்து விக்கவே கூடாது, 1940ல போட்ட சட்டம் அது. இவரு என்னடான்னா பெருங்காயப் பொட்டணம் மாதிரி மடிச்சு வச்சு விக்கிறாரு, அளவு சிட்டிகை. நூத்திச்சொச்சம் கிராம் எடையுள்ள உசுருக்கு சிட்டிகை என்ன கணக்கு?

அந்தப் பொடி உள்ள போனப்புறம்தான் நெலம மோசமாச்சு. மஞ்சு பந்து மாதிரி உப்பிக்கிட்டு கூண்டுத் தரையில உக்காந்துக்கிச்சு, தின்னதக் கக்க ஆரம்பிச்சுருச்சு. சமையக்கட்டுத் தராசுல வச்சுப் பாத்தா 88 கிராம், சித்தப்பா இருக்கப்ப 112. பறவைங்க சீக்க வெளிய காட்டாது, காட்டுல காட்டிக்கிட்டா அடுத்த நிமிசம் எதுக்காச்சும் எரையாயிரும், அதனால நமக்குத் தெரியும்போது பாதிக்கிணறு தாண்டியிருக்கும். பத்துல ஒரு பங்கு எடை கொறைஞ்சாலே டாக்டர்கிட்ட ஓடணும். மதுரைல நாய், பூனை, ஆடு, மாடு பாக்குறவங்க எங்கிட்டுப் பாத்தாலும் இருக்காங்க, பறவை பாக்குறவங்கள விசாரிச்சுத்தான் புடிக்கணும், அலைஞ்சு திரிஞ்சு ஒருத்தரப் புடிச்சோம்.

அவரு மொத கேள்வியே கிளியப் பத்தி இல்ல, வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சல், இருமல் இருக்கான்னு. கிளிக்கிட்ட இருந்து மனுசனுக்குத் தொத்துற ஒரு நுரையீரல் காய்ச்சல் இருக்காம், கிளிக் காய்ச்சல்னே சொல்லுவாங்களாம், அப்படி இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் அடுத்தது பாத்தாரு. வாயத் தெறந்து டார்ச் அடிச்சுக் காட்டுனாரு. மேலண்ணத்துல ஒரு பிளவு இருக்கு, அதோட ஓரத்துல பொடிப்பொடியா முள்ளு முள்ளா இருக்கணுமாம், மஞ்சுக்கு அதெல்லாம் மழுங்கி வழவழன்னு ஆகி, வெள்ளத் திட்டா படிஞ்சிருந்துச்சு. விட்டமின் ஏ இல்லாததுக்கு அதான் அடையாளம்னாரு. எச்சத்தயும் வாயில தொடச்சு எடுத்ததயும் கண்ணாடியில தடவி சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தா ஈஸ்ட்டுன்னு ஒரு பூஞ்சை கொத்துக் கொத்தா. தொண்டைக்குக் கீழ இருக்க தீனிப்பைல அது பொங்கி நொதிக்குது, அந்தப் புளிச்ச வாடை அதுதான்.

நான் வாங்குன சாமான் எல்லாத்தயும் பையில கொண்டு போயிருந்தேன், ஒவ்வொன்னா எடுத்து மேசையில வச்சேன், டாக்டர் பாத்துட்டு சொன்னது இதுதான். அந்த டிராப்ஸ்ல சக்கர, மதுரை வெயில்ல தண்ணிக் கிண்ணத்துல கலந்து வச்சா கொஞ்ச நேரத்துலயே கிருமி பெருகும், விட்டமினும் தண்ணியில நிக்காது கெட்டுப் போகும். அந்த ஆன்டிபயாடிக் குடல்ல இருந்த நல்ல கிருமியக் கொன்னுருச்சு, ஈஸ்ட்ட அது ஒன்னும் செய்யாது, போட்டியில்லாம ஈஸ்ட் மட்டும் வளந்திருக்கு. ஆக நாத்தத்துக்குக் காரணமான தீனிய வித்ததும் அவரே, அத அதிகமாக்குற மருந்த வித்ததும் அவரே, மறைக்க செண்டு வித்ததும் அவரே. மூனுக்கும் காசு எங்கிட்ட.

ஈஸ்ட்டக் கொல்ற நிஸ்டாடின் மருந்தும் விட்டமின் ஏ ஊசியும் டாக்டர் எடை பாத்து அளந்து குடுத்தாரு. தயவு செஞ்சு பேரப் பாத்துட்டு நீங்களா வாங்கிப் போட்றாதீங்க, விட்டமின் ஏ கூடுனாலும் விஷந்தான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "கொண்டாந்ததே சீக்குக் கிளியா இருந்திருக்கும்க்கா." அப்புறம், "பில்லு இருக்கா?" நீங்க எப்பண்ணே பில்லு குடுத்தீங்கன்னு கேட்டா பின்னாடி நின்ன ரெண்டு பயலுக லந்து பண்ணிச் சிரிக்கிறாய்ங்க. போதாததுக்கு, இது போனா போகுது, பச்சைக்கிளிக் குஞ்சு ஜோடியா தர்றேன் கம்மி வெலையில, அதுக்கு நோயே வராதுன்னு சொல்றாரு. மீனாட்சி கையிலயே கிளி இருக்க ஊரு, கோயிலுக்குள்ள கிளிக்கூட்டு மண்டபம்னே ஒன்னு இருக்கு, அதனால நம்ம ஆளுகளுக்குப் பச்சைக்கிளி வளக்குறது தப்பாவே தோணுறதில்ல. ஆனா 1972 வனவிலங்குச் சட்டப்படி அத விக்கிறதும் குத்தம், வாங்குறதும் குத்தம், கூண்டுல வச்சிருக்கதும் குத்தம், 2022 திருத்தத்துல ரெண்டாவது அட்டவணைக்கே கொண்டு போயிட்டாங்க. அந்த ஆசையில யாரும் மாட்டிக்காதீங்க.

பில்லு இல்லாட்டியும் ஜிபேல அனுப்புன கணக்கு இருந்துச்சு, கவர் போட்டோ இருந்துச்சு, டாக்டர் எழுதிக் குடுத்த பேப்பர் இருந்துச்சு. நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சுப் புகார் பதிஞ்சாச்சு. பாக்கெட் பண்ணி விக்கிற எந்தச் சாமானுக்கும் பேக் பண்ணவங்க பேரு, முகவரி, எடை, மாசம் வருசம், எம்ஆர்பி போட்டிருக்கணும், 2011 விதியில இருக்கு. இதுல ஒன்னு இல்லாட்டியும் வாங்காதீங்க, அவரு என்ன ஃபாரின் கதை சொன்னாலும் சரி.

இப்ப என்ன போடுறோம்னு நெறைய பேரு கேக்குறீங்க. பாதிக்கு மேல நல்ல கம்பெனி பெல்லட், மிச்சம் காய், கீரை. அண்ணாநகர் உழவர் சந்தைல (1999ல தமிழ்நாட்டுலயே மொதல்ல ஆரம்பிச்ச சந்தை நம்மளுதுதான், அதுல ஒரு பெருமை) வெள்ளன போனா முருங்கக்கீரை, கேரட்டு, பூசணி, சக்கரவள்ளிக் கெழங்கு எல்லாம் சல்லிசா கெடைக்கும், விட்டமின் ஏக்கு இத விட என்ன வேணும். கெழங்க அவிச்சுக் குடுக்கணும். பச்சமொளகாய மஞ்சு மிட்டாய் மாதிரி திங்கும், பறவைக்கு அந்தக் காரம் ஒறைக்காது. சூரியகாந்தி இப்பவும் உண்டு, ஆனா கைக்கு வந்தா பரிசா ஒன்னு ரெண்டு. ஒரேயடியா விதைய நிறுத்திட்டு பெல்லட்டுக்கு மாத்தாதீங்க, சில கிளி பட்டினி கெடக்குமே தவிர புதுசத் தொடாது, எடை பாத்துப் பாத்துத்தான் மாத்தணும். நம்ம ஊரு வெயிலுக்கு நறுக்கி வச்ச காய ரெண்டு மணி நேரத்துல எடுத்துரணும், இல்லாட்டி அதுவே நாறும், அதுவே நோயும். கொடைக்கானல் பக்கத்துல இருந்து வர்ற பட்டர் ஃப்ரூட் மட்டும் கூண்டுப் பக்கமே கொண்டு போகாதீங்க, கிளிக்கு அது விஷம். சாக்லேட், காப்பி, வெங்காயம், உப்புப் போட்ட பக்கோடா, முறுக்கும் கெடையாது, வர்ற சொந்தக்காரங்க கையப் புடிச்சு நிறுத்துறதுதான் இதுல பெரிய வேலை.

இன்னொன்னு, எச்சத்தப் பாத்து சும்மா சும்மா பயப்படவும் வேணாம். பச்சையா கெட்டியா ஒரு பாகம், வெள்ளையா ஒரு பாகம், சுத்தி கொஞ்சம் தண்ணி, இதான் சரியான எச்சம், வாடை பெருசா இருக்காது. பழம் தின்னா தண்ணி கூடும், பீட்ரூட் தின்னா செவப்பா வரும், காலைல மொத எச்சம் பெருசா இருக்கும், முட்டை வைக்கிற நேரத்துல பொட்டை அடக்கி வச்சுப் போடுறது பெருசா நாத்தமாவும் இருக்கும். இதெல்லாம் சாதாரணம். விதை செரிக்காம முழுசா வெளிய வந்தாலோ, வெள்ளைப் பாகம் பச்சையாவோ மஞ்சளாவோ மாறுனாலோ, புளிச்ச வாடை வந்தாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க.

மஞ்சு இப்ப 106 கிராம். கூண்டுகிட்ட எந்த வாடையும் இல்ல, அப்பத்தாவே மோந்து பாத்து சர்ட்டிபிகேட் குடுத்துருச்சு.

அந்த மிக்ஸ் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. எங்க தெருப் பையன் ஒருத்தன் காக்டெயிலுக்கு வாங்கிட்டு வந்து காட்டுனான், அதே ஜிப் கவர், அதே காறல் வாடை, இப்ப மேல புதுசா "இம்போர்ட்டட் ஃப்ரம் ஹாலந்து"ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. முகவரி இல்ல, தேதி இல்ல, வெல மட்டும் 520 ஆயிருச்சு.