வயரை மாற்றச் சொன்னேன், மோட்டாரே காணாமல் போனது

அம்மாவுக்கு ஷாக் அடித்த அன்று தரை ஈரமாக இருந்தது. அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார். தையல் மெஷின் முன்னால் வெறுங்காலோடு உட்கார்ந்து, துணியை அழுத்தும் காலைத் தூக்குகிற கம்பியில் கை வைத்தவர், அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். பெடலை அவர் மிதிக்கவே இல்லை, மெஷின் ஓடவும் இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் ரிப்பேருக்கு 4,600 ரூபாய் கொடுத்து, "முழு வயரிங்கும் புதிது" என்ற வாக்குறுதியோடு அதைத் தூக்கி வந்து அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்கர் 99கே. கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிய தாத்தா கொண்டுவந்தது. தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மண்டபம் வந்து சேர முடிந்த காலம் அது. 1964 டிசம்பர் புயலோடு அந்தத் தனுஷ்கோடியே போய்விட்டது. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் சிங்கருக்கு இருந்த பெரிய தொழிற்சாலையில் செய்த மெஷின் இது. மாடல் எண்ணின் கடைசியில் உள்ள 'கே', அந்தத் தொழிற்சாலை இருந்த கில்போவி என்ற இடத்தைக் குறிப்பது. தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். அங்குள்ள ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றைக்கும் சிங்கர் என்றே பெயர். மோட்டாரோடு வந்த மெஷினை, வீட்டுக்குக் கரன்ட் வரும்வரை அப்பத்தா வலக்கையால் வீலைச் சுற்றித்தான் தைத்தாராம்.

பழுது என்று பார்த்தால் வயர் மட்டும்தான். இந்தக் காலத்து வயர்களின் மேலுறை பிளாஸ்டிக். அந்தக் காலத்தில் ரப்பர். ரப்பருக்கு வயதானால் முதலில் இறுகும், பிறகு வெடிக்கும், கடைசியில் உதிரும். எங்கள் ஊரில் உப்புக் காற்று கேட்டையும் ஜன்னல் கம்பியையும் தின்று தீர்க்கிறது. வயருக்குள் இருக்கும் செம்பை மட்டும் விட்டுவைக்குமா? மோட்டாரிலிருந்து வயர் வெளியே வந்து வளைகிற இடத்தில் விரல் பட்டதும் உறை கருவாட்டுச் செதில் போலக் கொட்டியது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.

ஆனால் மோட்டார் நன்றாக ஓடியது. இது என் ஊகம் இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பெட்டியை இறக்கி, அம்மா அதில் ஒரு தலையணை உறையின் ஓரம் அடித்ததை என் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். பெடலை மெதுவாக மிதித்தால் மெதுவாக, அழுத்தினால் வேகமாக, இடறாமல் ஓடுகிறது. (அந்த வயரோடு அன்றைக்கு அதை ஓட்டியதே தப்பு. அது எங்கள் தலையில் விழ வேண்டிய குட்டு.)

மரப்பெட்டியோடு பஸ்ஸில் ஏற்றி ராமநாதபுரம் கொண்டுபோனேன். "வயர் மட்டும் மாற்ற வேண்டும், வேறு எதையும் தொட வேண்டாம்" என்று இரண்டு முறை சொன்னேன். 1,800 ரூபாய், ஒரு வாரம் என்றார் கடைக்காரர். துண்டுச் சீட்டில் "மெஷின் ரிப்பேர்" என்ற இரண்டே சொல் எழுதிக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஒரு வாரம் மூன்று வாரம் ஆனது. பிறகு போன் வந்தது.

"தம்பி, காயில் எரிந்துவிட்டது. இதற்கெல்லாம் இப்போது ஸ்பேர் கிடையாது. புது மோட்டார் போட்டுவிட்டேன்."

"பழைய மோட்டாரைக் கொடுத்துவிடுங்கள் அண்ணே."

"அது வெறும் இரும்பு, தம்பி. எடைக்குப் போட்டாயிற்று."

மோட்டாரோடு கறுப்பு பேக்கலைட் பெடலும் போயிருந்தது. அதன் இடத்தில் இறகு போல் எடை இல்லாத ஒரு பிளாஸ்டிக் பெடல். 1,800 ரூபாய் 4,600 ஆகியிருந்தது. ஏமாந்துவிட்டோம் என்பது கடையிலேயே தெரிந்தது. ஆனால் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். பேரம் பேசக் கூச்சம். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். மோட்டார் போனதோடு நிற்கும் என்றுதான் நினைத்தேன்.

ஷாக் அடித்த மாலையே மாமா வந்தார். ரயில்வேயில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். டெஸ்டரைக் கறுப்புப் பெயின்ட் மேல் வைத்தார், எரியவில்லை. நிக்கல் பூச்சுள்ள கம்பியில் வைத்ததும் சிவந்தது. "பெயின்ட் இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது மாப்பிள்ளை" என்றார். எட்டு நாள் எங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனது அதனால்தான்.

பிளக்கைக் கழற்றிவிட்டு அவர் உள்ளே திறந்து காட்டியதை அப்படியே சொல்கிறேன். புது வயர் என்று போட்டது வெளியே தெரிகிற ஒன்றரை அடிதான். அதைப் பழைய ரப்பர் வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். நம் ஊர் வெக்கையில் டேப்பின் பசை இளகி, சுற்று நழுவி, செம்பு இழை ஒன்று மெஷினின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிளக்கில் மூன்று பின் இருந்தது, அதிலிருந்து வந்த வயரில் இரண்டே இழை. எர்த் பின் வெறும் அலங்காரம். எல்லாவற்றையும் விடக் கேவலம், பெடலை, கரன்ட் வருகிற பேஸ் இழையில் போடாமல், திரும்பிப் போகிற நியூட்ரல் இழையில் போட்டிருந்தார்கள். பெடலிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் நிற்கும். கரன்ட் என்னவோ மோட்டாருக்குள் வந்து உட்கார்ந்தே இருக்கும். மெஷின் ஓடாதபோதே அம்மாவுக்கு ஷாக் அடித்த ரகசியம் இதுதான்.

ஃப்யூஸ் ஏன் போகவில்லை என்று கேட்டேன். 5 ஆம்பியர் ஃப்யூஸ் அதற்கு மேல் கரன்ட் ஓடினால்தான் உருகும். அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லி ஆம்பியர், நெஞ்சு வழியாக ஓடினாலே உயிருக்கு ஆபத்து. எர்த் ஒழுங்காக இருந்திருந்தால், இழை இரும்பைத் தொட்ட நொடியே ஃப்யூஸ் போயிருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தானாக விழுந்து கரன்டைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் எங்கள் பழைய வீட்டில் அப்போது இல்லை. இப்போது இருக்கிறது.

இனி, பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு. "காயில் எரிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எரிந்த காயிலைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். எரிந்த காயில் கறுத்திருக்கும், நாறும். அந்த மோட்டார் இடறும், சீக்கிரம் கொதிக்கும், கார்பன் பக்கம் பெரிதாகப் பொறி பறக்கும். ஸ்பேர் கிடையாது என்பதும் முழு உண்மை இல்லை. தேய்கிற பொருள் கார்பன் பிரஷ், அதை அளவு பார்த்து வாங்கிப் போட முடியும். பெடலில் கால் வைக்காமலே மெஷின் தானாக ஓடினால் மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள். பழைய பெடலுக்குள் இருக்கும் சின்னக் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தூக்கிவிட்டு, மெயின்ஸ் கரன்டுக்கென்றே வருகிற எக்ஸ்2 வகைக் கண்டென்சர் போட்டால் போதும். கடையில் விடும் முன் மோட்டாரின் தகட்டைப் போட்டோ எடுங்கள், என்ன வேலை என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், மாற்றிய பழைய பொருளைத் திரும்பத் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெஷினைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். பிளக்கின் எர்த் பின்னுக்கும் மெஷினின் பெயின்ட் இல்லாத இரும்புக்கும் இடையே தொடர்பு இருக்க வேண்டும். மற்ற இரண்டு பின்னுக்கும் இரும்புக்கும் துளியும் இருக்கக் கூடாது. பெடலை மிதித்தபடியும் ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. முகம் சுளிக்கிற கடையில் மெஷினை விடாதீர்கள்.

திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். "வயர் மட்டும் என்று எழுதியிருக்கிறதா?" என்று அந்தத் துண்டுச் சீட்டையே என் முன்னால் நீட்டினார். வீடியோவைக் காட்டியதும் குரல் இறங்கியது. 500 ரூபாய் தந்தார். நான் வாங்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போடலாம். அடுத்து அங்கேதான்.

மாமா முழுவதையும் பிரித்து மூன்று இழை வயர் போட்டார். எர்த் இழைக்காக ஒரு திருகுக்கு அடியில் காசு அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் ஏற்றினார். பொருளுக்கு ஆன செலவு 700 ரூபாய்கூட இல்லை. புது மோட்டார் ஓடுகிறது, ஆனால் ஜீன்ஸ் துணியை மடித்து வைத்தால் முனகுகிறது. அம்மா காலுக்கடியில் மணையைப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறார்.

ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை பக்கம் பழைய மெஷின் வாங்கி விற்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அந்த மோட்டாரின் தகட்டுக்கு மேலே சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு இருக்கும். ஆயுத பூஜைக்கு வைக்கிற குங்குமம் எண்ணெயில் அழிகிறதென்று அப்பத்தா ஒரு வருடம் பெயின்டிலேயே வைத்துவிட்டார். கண்ணில் பட்டால் சொல்லுங்கள், கேட்கிற விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.