நீளமா, ‘ஏ’ சான்றிதழா: பெரிய படத்தின் வசூலை எது அதிகம் பாதிக்கிறது?

பெரிய பட்ஜெட் படம் ஒன்று எதிர்பார்த்த அளவு ஓடவில்லை என்றால் இரண்டு காரணங்கள் உடனே காதில் விழும். படம் ரொம்ப நீளம் என்பார்கள். இல்லையென்றால் தணிக்கையில் ‘ஏ’ (பெரியவர்களுக்கு மட்டும்) வாங்கிவிட்டார்கள், குடும்பம் வரவில்லை என்பார்கள். இரண்டுக்கும் ஒரே எடை கொடுத்துப் பேசுவதை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டு தியேட்டரைப் பொறுத்தவரை ‘ஏ’தான் பெரிய அடி. நீளத்தை ஓரளவுக்குச் சமாளித்துவிடலாம்.

இதைப் பார்க்க நல்ல ஜோடி ஒன்று இருக்கிறது. ‘ஜெயிலர்’ 2023 ஆகஸ்ட் 10 அன்று வந்தது, ‘கூலி’ 2025 ஆகஸ்ட் 14 அன்று. இரண்டும் ரஜினி படம், சன் பிக்சர்ஸ் தயாரிப்பு, அனிருத் இசை, சுதந்திர தின விடுமுறையைக் குறிவைத்த வெளியீடு. நீளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: முன்னது 168 நிமிடம், பின்னது ஏறக்குறைய 170. இயக்குநர்கள் வேறு, கதை வேறு, அது சரி. ஆனால் வியாபாரக் கண்ணில் பெரிய வித்தியாசம் சான்றிதழ். ‘ஜெயிலர்’ யு/ஏ, அதாவது பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகளும் பார்க்கலாம்; ‘கூலி’ ஏ. இத்தனைக்கும் ‘ஜெயிலரி’லும் தலை துண்டாகும் காட்சி உண்டு.

முதல் நாளில் ‘கூலி’தான் முன்னால் நின்றது. உலகம் முழுக்க 151 கோடி என்று தயாரிப்புத் தரப்பே அறிவித்தது. ‘ஜெயிலரி’ன் முதல் நாள் 100 கோடியைத் தொடவில்லை. கடைசியில் கணக்கு தலைகீழானது. வர்த்தக மதிப்பீடுகளின்படி ‘ஜெயிலர்’ 600 கோடியைத் தாண்டியது, ‘கூலி’ 500 கோடி சொச்சத்தில் நின்றது. ‘கூலி’யைப் பற்றிய பேச்சு கலவையாக இருந்ததும் இதற்கு ஒரு காரணம், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் எந்த இடத்தில் பணம் குறைந்தது என்று பாருங்கள். முதல் நாள் கூட்டம் ரசிகர்களுடையது, அவர்களுக்குச் சான்றிதழ் ஒரு பொருட்டே இல்லை. அடுத்தடுத்த வார இறுதிகளில் வருவதுதான் குடும்பக் கூட்டம். ஆறு டிக்கெட் எடுக்கிற வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கு அனுமதி இல்லை என்றால் போவது ஒரு டிக்கெட் இல்லை, ஆறும்தான். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ரஜினி படத்துக்கு எந்த அம்மா கிளம்புவார்?

இங்கே அமெரிக்க உதாரணத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024-ல் ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ அங்கே ‘ஆர்’ தரச்சான்றோடு வந்து 130 கோடி டாலரைத் தாண்டியது. மூன்று மணி நேர ‘ஓப்பன்ஹைமரு’ம் ‘ஆர்’தான், 95 கோடி டாலருக்கு மேல் எடுத்தது. ஆனால் ‘ஆர்’ படத்துக்குப் பதினேழு வயது நிரம்பாத பிள்ளையை அப்பா அம்மா கூட்டிக்கொண்டு போகலாம். நம் ‘ஏ’வுக்கு அந்த வழி கிடையாது. பதினெட்டு நிரம்பவில்லை என்றால், பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் உள்ளே விடக்கூடாது. அதனால் இரண்டையும் ஒப்பிடுவதே தப்பு. ‘ஆரு’க்கு நெருக்கமானது 2024 இறுதியில் நடைமுறைக்கு வந்த நம் யு/ஏ 16+ பிரிவுதான்.

இனி நீளத்துக்கு வருவோம். இதில் கணக்கு எளிது, ஆனால் சுவாரசியமானது. சாதாரண நாளில் நான்கு காட்சி: பதினொன்று, இரண்டரை, ஆறரை, பத்து என்கிற பழைய வாய்ப்பாடு. காட்சிக்குக் காட்சி குறைந்தது மூன்றரை மணி நேர இடைவெளி இருப்பதால் மூன்று மணி நேரப் படம்கூட உள்ளே உட்கார்ந்துவிடும். சிக்கல் வருவது அரசின் சிறப்பு அனுமதியோடு போடுகிற ஐந்தாவது காட்சியில். 2023 அக்டோபரில் ‘லியோ’வுக்கு அரசு கொடுத்த நேரம் காலை 9 மணி முதல் இரவு 1.30 வரை. மொத்தம் 990 நிமிடம், ஐந்தால் வகுத்தால் காட்சிக்கு 198. படம் 164 நிமிடம். மிச்சம் 34 நிமிடத்துக்குள் இடைவேளை, விளம்பரம், அரங்கைக் காலி செய்வது, துடைப்பது, அடுத்த கூட்டத்தை உட்கார வைப்பது எல்லாம் முடிய வேண்டும். இதே இடத்தில் 180 நிமிடப் படம் என்றால் 18 நிமிடம்தான் மிஞ்சும். ஐந்து காட்சி நான்காகிவிடும்.

தமிழ்நாட்டில் இந்த ஒரு காட்சிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? டிக்கெட் விலைக்கு இங்கே உச்சவரம்பு இருக்கிறது. சென்னை மல்டிபிளெக்ஸில்கூட 190 ரூபாயைச் சுற்றித்தான். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ‘ஆர்ஆர்ஆர்’, ‘புஷ்பா 2’ மாதிரிப் படங்களுக்கு விலையை ஏற்ற அரசு அனுமதி கொடுத்தது. 200 நிமிடம் ஓடிய ‘புஷ்பா 2’ காட்சிகளில் இழந்ததை விலையில் பிடித்துக்கொள்ள முடிந்தது. நம் தயாரிப்பாளர் கையில் இருப்பது காட்சிகளின் எண்ணிக்கையும் தலைகளின் எண்ணிக்கையும் மட்டும்தான். நீளம் முதலாவதை வெட்டுகிறது, அதுவும் பெரும்பாலும் சிறப்பு அனுமதி கிடைக்கிற நாட்களில். ‘ஏ’ இரண்டாவதைக் கடைசி நாள் வரை வெட்டுகிறது.

இந்திப் பக்கம் என் வாதத்துக்கு எதிரான சாட்சிகள் இருக்கின்றன. 2023-ல் ‘அனிமல்’ 201 நிமிடம், ‘ஏ’ சான்றிதழ், வசூல் சுமார் 900 கோடி. 2025 டிசம்பரில் வந்த ‘துரந்தர்’ 214 நிமிடம், அதுவும் ‘ஏ’, 1,000 கோடியைத் தாண்டியது. இரண்டு தடைகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டே ஓடியிருக்கின்றன. ஆனால் அங்கே மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு நம் ஊர் மாதிரி உச்சவரம்பு இல்லை, பெரியவர்கள் மட்டுமே வந்தாலும் பணம் தேறும். நம் உச்ச நட்சத்திரப் படங்களின் பொருளாதாரம் பாட்டியிலிருந்து பேரன் வரை வருவதில் நிற்கிறது.

வெளியான பிறகு கத்தரி போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024-ல் ‘இந்தியன் 2’விலும் ‘கங்குவா’விலும் தலா 12 நிமிடம் வெட்டினார்கள். இரண்டும் எழுந்து நிற்கவில்லை. சலிப்பு என்று பேர் வாங்கிவிட்ட படத்தில் பன்னிரண்டு நிமிடம் குறைத்தால் யார் திரும்பி வருவார்கள்? பிடித்துவிட்டால் நீளம் தொந்தரவே இல்லை. ‘புஷ்பா 2’வில் ஓடிக்கொண்டிருக்கும்போதே 20 நிமிடம் கூட்டினார்கள்!

‘ஏ’வின் சேதம் தியேட்டரோடும் முடிவதில்லை. அந்தப் பிரதியை டிவியில் போட முடியாது. வெட்டி, மறுபடி தணிக்கைக்கு அனுப்பி யு/ஏ வாங்க வேண்டும். வன்முறைக்காகவே பேசப்பட்ட மலையாளப் படம் ‘மார்கோ’வுக்கு அந்த அனுமதி மறுக்கப்பட்டது.

அதனால் தயாரிப்பாளர் முன்னால் மூன்று மணி நேர யு/ஏ, இரண்டரை மணி நேர ‘ஏ’ என்று இரண்டு பிரதிகள் இருந்தால், நான் யோசிக்காமல் முதலாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். அப்புறம் அந்த முடிவைத் தேதி அறிவிக்கும் முன்பே எடுக்க வேண்டும். ‘கூலி’க்கு யு/ஏ கேட்டுத் தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் போனது, படம் திரைக்கு வந்த பிறகு. ஆகஸ்ட் இறுதியில் மனு தள்ளுபடியானபோது, ரஜினி படத்தைப் பிள்ளைகளோடு பார்க்க வேண்டிய விடுமுறை வார இறுதி எப்போதோ முடிந்திருந்தது.