செகண்ட் ஹேண்ட் வோல்கா எஃப்எம்2 வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: அடாப்டரைச் செருகும் முன் இதைப் படியுங்கள்

"ஹோம் ஸ்டுடியோ காம்போ" என்று ஒரு விளம்பரம். கோர்க் நிறுவனத்தின் வோல்கா எஃப்எம்2 என்ற சின்ன சிந்தசைசர் (சுருக்கமாக சிந்த்), மைக்கையும் சிந்தையும் கணினியோடு இணைக்கும் இரண்டு இன்புட் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், கண்டென்சர் மைக், கேபிள்கள், அடாப்டர், எல்லாம் சேர்த்து ஒரே விலை. வாங்கியவர் முழுப் பணத்தையும் யுபிஐயில் முன்கூட்டியே அனுப்பினார். பில் கிடையாது. பெட்டி வந்தது. அடாப்டரைச் செருகினார், வோல்கா ஒளிரவே இல்லை. ஆறு ஏஏ பேட்டரி போட்டதும் ஓடியது. விற்றவரிடம் கேட்டால், "உங்க வீட்டு கரண்ட்ல பிரச்சனை இருக்கும் ப்ரோ, நான் அனுப்பும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்று பதில். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

பிரச்சினை கரண்ட்டில் இல்லை. அந்தப் பெட்டியில் மூன்று கோளாறுகள் இருந்தன. மூன்றையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம்.

முதலில் அடாப்டர், ஏனென்றால் கருவியின் டிசி பகுதியைக் கொன்றது அதுதான். வோல்காவுக்குக் கோர்க் சொல்வது கேஏ-350 அடாப்டர்: 9 வோல்ட் டிசி, 1.7 ஆம்பியர், சென்டர் பாசிட்டிவ் (முனையின் நடுவில் பிளஸ்). பெட்டியில் வந்தது, கடைகளில் கிடைக்கும் யுனிவர்சல் அடாப்டர். பக்கவாட்டில் 3, 4.5, 6, 7.5, 9, 12 என்று வோல்ட் ஸ்விட்ச். முனைகளைக் கழற்றி மாட்டலாம். ஆபத்து அந்தக் கழற்றி மாட்டும் இடத்தில்தான். முனையின் பின்பக்கம் இரண்டு சின்னப் பின்கள் இருக்கும், அவற்றை எந்தப் பக்கம் திருப்பியும் மாட்டலாம். ஒரு பக்கம் மாட்டினால் நடுவில் பிளஸ், திருப்பி மாட்டினால் நடுவில் மைனஸ். பிளாஸ்டிக்கில் மிகச் சிறிய எழுத்தில் குறி இருக்கும், டார்ச் அடித்தால்தான் தெரியும். இதில் முனை திருப்பி மாட்டப்பட்டிருந்தது.

இது அடிக்கடி நடக்கக் காரணம், கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் சென்டர் நெகட்டிவ். பெடலுக்குப் பயன்படுத்திய யுனிவர்சல் அடாப்டரை முனையை மட்டும் மாற்றி சிந்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். "ரெண்டுமே 9 வோல்ட்தானே" என்று சொல்வார்கள். வோல்ட் ஒன்றுதான், திசை வேறு.

சோதிக்க இரண்டு நிமிடம் போதும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். அடாப்டரை சுவர் பிளக்கில் மட்டும் செருகுங்கள், சிந்தில் செருக வேண்டாம். சிவப்பு ப்ரோப்பின் நுனி முனையின் உள்துளைக்குள், கருப்பு ப்ரோப் வெளி உலோகத்தில். இரண்டு ப்ரோப்பும் ஒன்றையொன்று தொடக் கூடாது. திரையில் 9க்குப் பக்கத்தில், முன்னால் எந்தக் குறியும் இல்லாமல் எண் வந்தால் சென்டர் பாசிட்டிவ். மைனஸ் குறியோடு வந்தால் தலைகீழ், அதை அப்படியே எடுத்து வைத்துவிடுங்கள். எண் 12, 13 என்று காட்டினால் அது ரெகுலேட் செய்யாத (வோல்ட்டைச் சீராக வைத்திருக்காத) பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகையாக இருக்கலாம், அல்லது ஸ்விட்ச் 12இல் இருக்கலாம். இரண்டுமே வோல்காவுக்கு வேண்டாம்.

மீட்டர் இல்லையென்றால் லேபிளில் இருக்கும் படத்தைப் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து போகும் கோடு + குறியில் முடிய வேண்டும். ஆனால் யுனிவர்சல் அடாப்டரில் இந்தப் படத்தை நம்ப முடியாது, மீட்டர் மட்டுமே சாட்சி.

முனையின் அளவும் முக்கியம். வோல்காவின் முனைக்கு வெளிவிட்டம் சுமார் 4.75 மி.மீ., உள்விட்டம் 1.7 மி.மீ. யுனிவர்சல் அடாப்டரோடு வரும் 4.0 மி.மீ. முனையும் உள்ளே போகும், ஆனால் தளர்வாக நிற்கும். மேசை லேசாக அசைந்தாலே கருவி அணைந்து எழும். சிந்தே கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான். (யாரும் தொடாமல் நான்கு மணி நேரம் விட்டால் வோல்கா தானாகவே அணையும். அது ஆட்டோ பவர் ஆஃப், கோளாறு அல்ல.)

ஜப்பானிலிருந்து கொண்டுவந்த கருவி என்றால் அடாப்டரில் இன்புட் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் கவலையில்லை. வெறும் 100 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகியதும் கருகும். இன்னொன்று: யமஹா ரிஃபேஸ், ஆர்டூரியா மைக்ரோஃப்ரீக் இரண்டுக்கும் 12 வோல்ட். ஒரே மேசையில் வோல்காவும் இவையும் இருந்தால் ஒவ்வொரு ஒயரிலும் முனைக்குப் பக்கத்தில் ஒரு டேப் சுற்றி, கருவியின் பெயரையும் வோல்ட்டையும் எழுதி வையுங்கள்.

விற்பவர் "நான் எப்பவும் பேட்டரியிலதான் யூஸ் பண்ணுவேன்" என்று சொன்னால் எச்சரிக்கையாகுங்கள். டிசி பகுதி போன வோல்கா பேட்டரியில் ஓடும் வாய்ப்பு உண்டு. இந்தக் கருவியும் அப்படித்தான். நீங்கள் மீட்டரில் சோதித்த உங்கள் சொந்த அடாப்டரைக் கொண்டுபோய் அவர் முன்னாலேயே செருகிப் பாருங்கள். அப்படியே பேட்டரி அறையையும் திறந்து பாருங்கள். ஸ்பிரிங்குகளில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி இருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. ஸ்பிரிங்கில் இருப்பதைத் துடைத்துவிடலாம், போர்டுக்கு இறங்கியிருந்தால் செலவு.

இரண்டாவது ஏமாற்று இன்னும் மோசம், ஏனென்றால் இது தெரிந்தே செய்தது. வந்தது எஃப்எம்2 அல்ல, 2016இல் வந்த முதல் வோல்கா எஃப்எம். பேனல் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் படத்தில் ஏமாறலாம். அதிலும் விளம்பரப் படத்தில் ஜாக்குகள் இருக்கும் விளிம்பு வெட்டப்பட்டிருந்தது. வித்தியாசம் அந்த ஜாக்குகளில்தான் இருக்கிறது. 2022இல் வந்த எஃப்எம்2வில் மைக்ரோ யுஎஸ்பியும் 3.5 மி.மீ. மிடி அவுட்டும் உண்டு (மிடி என்பது இசைக் கருவிகள் ஒன்றோடொன்று நோட்டுத் தகவலைப் பரிமாறும் இணைப்பு). பழையதில் ஐந்து பின் மிடி இன் மட்டும்தான். எஃப்எம்2வில் 64 ப்ரோகிராம் (சேமித்து வைக்கும் சத்தங்கள்), பழையதில் 32. எஃப்எம்2வில் ரிவெர்ப் (அறை எதிரொலி எஃபெக்ட்) இருக்கிறது, பழையதில் இல்லை.

காதால் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. நன்றாக நீளும், அணையாத ஒரு சத்தத்தைத் தேர்ந்தெடுத்து, வாய்ஸ் மோடு பாலியில் (ஒரே நேரத்தில் பல நோட்டு ஒலிக்கும் நிலை) இருப்பதை உறுதி செய்யுங்கள். மோனோ, யூனிசனில் இருந்தால் இந்தச் சோதனை தவறாகக் காட்டும், நல்ல விற்பனையாளர் மேல் வீண் பழி விழும். டச் கீபோர்டில் ஒவ்வொரு விரலாக வைத்து நான்கு நோட்டை அழுத்திப் பிடியுங்கள். நான்காவது வந்ததும் முதலில் பிடித்த ஒன்று மறைந்தால் அது மூன்று வாய்ஸ் (ஒரே நேரத்தில் மூன்று நோட்டு) மட்டும் கொண்ட பழைய எஃப்எம். நான்கும் நின்றால் ஆறு வாய்ஸ் எஃப்எம்2. மிடி கீபோர்டை இணைத்து, அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப சத்தம் மாறுகிறதா என்றும் பார்க்கலாம், பழையது மாறாது. ஆனால் அதிகாரப்பூர்வமற்ற ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றிய பழைய எஃப்எம்மும் வேகத்துக்கு ஏற்ப மாறும். அதனால் நான்கு நோட்டுச் சோதனைதான் உறுதி.

பழைய எஃப்எம் மோசமான கருவி இல்லை. யமஹாவின் புகழ்பெற்ற டிஎக்ஸ்7 சிந்தின் பேட்சுகளை (சத்த அமைப்புகளை) அதுவும் ஏற்கும், அருமையாகவே ஒலிக்கும். எஃப்எம்2 விலைக்கு அதை விற்றதுதான் குற்றம்.

மூன்றாவது, மைக். பெரிய டயஃப்ரம் (ஒலிக்கு அதிரும் தகடு) என்று எழுதியிருந்தது. அடிப்பாகத்தில் இருக்கும் வளையத்தைத் திருகி உறையை உருவினால் உள்ளே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய எலெக்ட்ரெட் வகைக் கேப்ஸ்யூல் (ஒலியைப் பிடிக்கும் பகுதி). உண்மையான பெரிய டயஃப்ரம் என்றால் சுமார் 25 மி.மீ. இருக்கும். கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் இன்டர்ஃபேஸின் 48 வோல்ட் பட்டனையும் எழுத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். மீட்டரை டிசி 200 வோல்ட் ரேஞ்சில் வைத்து, எக்ஸ்எல்ஆர் கேபிளின் (மூன்று பின் மைக் ஒயர்) மறுமுனையில் 1, 2 பின்களுக்கு இடையிலும், 1, 3 பின்களுக்கு இடையிலும் அளந்து பாருங்கள். 44 முதல் 52 வரை சரி. இரண்டு அளவும் ஒன்றுக்கொன்று ஒட்டியிருக்க வேண்டும். "சாஃப்ட்வேரும் ஃப்ரீ" என்ற வாக்குறுதிக்கும் மதிப்பில்லை. இன்டர்ஃபேஸோடு வரும் மென்பொருள் பெரும்பாலும் முதலில் பதிவு செய்தவர் கணக்கோடு போய்விடும்.

கேபிளிலும் ஒரு சிக்கல், ஆனால் இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டோம், அறியாமைதான். வோல்காவின் ஹெட்ஃபோன் அவுட் ஸ்டீரியோ. அதிலிருந்து ஸ்டீரியோ பிளக் கொண்ட ஒற்றை ஒயரை இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு இன்புட் (இரு ஒயர்களின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் இன்புட்) ஒன்றில் செருகினால், இன்டர்ஃபேஸ் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டிலும் ஒரே சத்தம் இருப்பதால் கிட்டத்தட்ட எல்லாமே மறைந்து, மெல்லிய மிச்சம்தான் கேட்கும். ஒரு 3.5 மி.மீ. ஸ்டீரியோவிலிருந்து இரண்டு 6.35 மி.மீ. மோனோவாகப் பிரியும் ஒயர் வாங்கி, இரண்டு இன்புட்டிலும் லைன் மோடில் செருகுங்கள்.

கூரியரில்தான் வரும் என்றால், பெட்டியின் சீலிலிருந்து நான்கு நோட்டுச் சோதனை முடியும்வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பணம் போய்விட்டது, ஆள் பதில் சொல்லவில்லை என்றால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்க பணம் கைமாறிவிடும். விற்றவர் தொழிலாகவே விற்பவர் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் கொடுக்கலாம். தன் சொந்தப் பொருளை ஒருமுறை விற்கும் தனிநபர் மேல் நுகர்வோர் புகார் எடுபடுவது கடினம். பேச்சு முழுவதும் எழுத்தில் இருக்கட்டும், "எஃப்எம்2, அடாப்டர் வேலை செய்யும்" என்ற வாக்கியத்தை அவரே தட்டச்சு செய்யும்படி கேளுங்கள்.

அந்த விளம்பரம் இன்னும் எடுக்கப்படவில்லை. அதே விளிம்பு வெட்டிய படம், அதே காம்போ, அதே யுனிவர்சல் அடாப்டர்.