கோட்டையில் புதுப்பித்த பழைய ஹோட்டலில் அறை எடுக்கிறவர்கள், முற்பணம் போட முன் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்கு வந்து, வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களோடு கோட்டைப் பக்கம் ஒரு பழைய கட்டட ஹோட்டலில் தங்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஹோட்டலின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று அத்தான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் காலி முகத்திடலில் 1864 முதல் இருக்கிற பெரிய ஹோட்டலையோ துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற பழைய ஹோட்டலையோ நினைத்துவிடாதீர்கள், இது அவை இல்லை. ஒரு காலத்தில் வியாபாரக் கந்தோராக இருந்த கட்டடத்தைத் திருத்தி, வெள்ளையடித்து, வாசலில் பித்தளை விளக்கு மாட்டி, "பாரம்பரிய ஹோட்டல்" என்று விற்கிற இடங்களில் ஒன்று.

கொழும்புக்கு வந்தால் வழக்கமாக வெள்ளவத்தையில்தான் நிற்போம். இந்த முறை ரொறன்ரோவிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள், அம்மாவும் எங்களோடு. யாழ்ப்பாண ரயில் கோட்டை நிலையத்தில்தான் வந்து நிற்கும், அம்மாவுக்கு முழங்கால் நோ, இறங்கியதும் ஐந்து நிமிடத்தில் அறைக்குப் போய்விடலாம் என்பது ஒரு காரணம். அக்காவுக்குப் பழைய கட்டடம் என்றால் உயிர் என்பது இன்னொரு காரணம். படங்களில் உயர்ந்த கூரை, தேக்குத் தரை, வீதியைப் பார்த்த மாதிரி மரச்சட்டம் போட்ட நீளமான யன்னல்கள், வளைவு வைத்த விறாந்தை எல்லாம் இருந்தன. வாட்ஸ்அப்பில் கேட்டோம். முன்பக்க அறை, லிஃப்ட் இருக்கிறது, உள்ளூர்க்காரருக்கான விலை 28,000 ரூபா நெட், அதாவது வரியும் சேவைக் கட்டணமும் உட்பட, காலைச் சாப்பாட்டோடு என்று எழுத்தில் பதில் வந்தது. பாதிக் காசை வங்கிக்குப் போட்டோம். அந்த உரையாடலை நான் அழிக்கவில்லை, இன்று எங்கள் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான்.

போய் இறங்கினால், முன்வாசல் படத்தில் இருந்த மாதிரியே அழகாக இருக்கிறது. கையைக் கழுவ ஈரத் துணி, குடிக்க இளநீர். அப்புறம் அறைக்குக் கூட்டிப் போகிறோம் என்று அந்த விறாந்தையைத் தாண்டி, சமையலறைப் பக்கமாகத் திரும்பி, ஒரு முற்றத்தைக் கடந்து, பின்னால் புதிதாகக் கட்டிய மூன்று மாடித் தொகுதிக்குள் கொண்டுபோனார்கள். பழைய கட்டடத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அறைக்கும் அறைக்கும் நடுவில் ஜிப்சம் பலகை, தட்டினால் டொம் டொம் என்கிறது. தரையில் மரம் மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் விரிப்பு. யன்னல் என்று ஒன்று இருந்தது, திரையை விலக்கினால் ஒரு கை தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவரும் ஏசியின் வெளிப் பெட்டிகளும். லிஃப்ட் முன் கட்டடத்தில் இருக்கிறது, பின் தொகுதிக்கு வராது. அம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இரண்டு மாடி ஏறினார். இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை, ஏனென்றால் முழங்கால் விஷயத்தை நாங்கள் முதலிலேயே எழுதிக் கேட்டிருந்தோம்.

வரவேற்பு மேசையில் கேட்டபோது, "படத்தில் இருக்கிறது ஹெரிட்டேஜ் விங், நீங்கள் போட்டது ஸ்டாண்டர்ட்" என்றார்கள். வாட்ஸ்அப்பைக் காட்டினேன். அதை அனுப்பியவர் இப்போது வேலையில் இல்லையாம். அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை பிறகு தனியாக வந்து, "அக்கா, முன்னுக்கு நாலைஞ்சு ரூம்தான் இருக்கு, அது எப்பவும் டொலர் ஆக்களுக்குத்தான் குடுப்பினம், நீங்க சண்டை பிடிச்சும் பிரயோசனம் இல்ல" என்று சொன்னது. அந்தப் பிள்ளைக்குப் பிரச்சினை வரக்கூடாது, அதனால் அதற்கு மேல் எதுவும் எழுதமாட்டேன்.

இனி அந்தப் பழைய பகுதியைப் பற்றி. அதையாவது உண்மையாகப் பேணுகிறார்களா என்று பார்த்தால் அதுவும் இல்லை. எங்கள் அப்பா மேசன் வேலை பார்த்தவர், சுண்ணாம்புச் சாந்து வீடுகளைத் திருத்துகிற வேலைக்குச் சின்ன வயதில் அவரோடு போயிருக்கிறேன். கொழும்பின் பழைய சுவர்கள் கபுக் என்கிற செம்பாறைக் கல்லும் சுண்ணாம்பும். அவை ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடுகிற சுவர்கள். அதன் மேல் சீமெந்து பூசி, பளபளக்கிற பெயின்டும் அடித்துவிட்டால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், கொஞ்சக் காலத்தில் உப்புப் பூத்து, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உரியும். இங்கே விறாந்தைச் சுவரின் அடியில் அது தொடங்கிவிட்டது, அதை மறைக்கத்தான் வரிசையாகப் பூச்சாடிகள் வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு பலகையில் "1820களின் ஒல்லாந்தர் கட்டடம்" என்று வேறு எழுதியிருக்கிறது. ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்தது 1796 பெப்ரவரியில். பிறகு 1820களில் ஒல்லாந்தர் எங்கே வந்து கட்டினார்கள்? கோட்டை மதில்களை ஆங்கிலேயர் இடிக்கத் தொடங்கியதே 1869 அளவில்தான், இன்று அங்கே நாம் பார்க்கிற பெரிய வியாபாரக் கட்டடங்களில் அநேகமானவை அதற்குப் பிறகு வந்தவை, யோர்க் வீதியின் சிவப்பு கார்கில்ஸ் கட்டடம்கூட 1906 இல் முடிந்ததுதான். உண்மையான ஒல்லாந்தர் சுவரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பழைய டச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம், 2011 இல் திருத்திக் கடைகளும் சாப்பாட்டு இடங்களுமாகத் திறந்தார்கள், அரை மீற்றர் கனச் சுவர், உள்ளே நடக்கக் காசு இல்லை. அக்கா அங்கே போய் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தாள், கொழும்பில் அவளுக்குக் கிடைத்த நல்ல பொழுது அது ஒன்றுதான்.

இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டையில் கந்தோர்கள் மூடியதும் வீதி வெறிச்சென்று ஆகிவிடும், அதனால் அமைதியாக இருக்கும் என்று நினைப்போம். புறக்கோட்டைப் பக்கம் சரக்கு லொறிகள் ஓடுவதும் பின்னுக்கு எடுப்பதும் இரவிலும்தான், அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன், அது நகரத்தின் வேலை. குறை என்னவென்றால் ஹோட்டலே மொட்டைமாடியில் மதுச்சாலை நடத்துகிறது, நள்ளிரவு தாண்டியும் பாட்டு, எங்கள் தொகுதியின் கூரை நேராக அதற்குக் கீழே. இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட முதலில் சொல்லவில்லை. இன்னொன்று, இது சத்தத்தைவிடப் பெரிய விஷயம். எங்கள் மாடியின் நடைபாதை முடிவில் அவசர வழி என்று ஒரு கதவு, அதன் முன்னால் படுக்கை விரிப்பு மூட்டைகளும் அட்டைப் பெட்டிகளும் அடுக்கியிருந்தன, கதவில் பூட்டு. அறையில் திறக்கக்கூடிய யன்னல் இல்லை. அறைக்குள் ஒட்டியிருந்த அவசர அறிவித்தல் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஓர் அம்மா தனியாக அந்த அறையில் இருந்து, மின்சாரக் கோளாறில் புகை வந்தால் என்ன செய்வார்? அத்தான் போய்ச் சொன்ன பிறகு பெட்டிகளை எடுத்தார்கள், பூட்டை எடுக்கவில்லை. மரத்தரையும் பழைய வயரிங்கும் இருக்கிற கட்டடத்தில் எங்கே தங்கினாலும் பையை வைத்த கையோடு அந்தக் கதவு திறக்கிறதா என்று போய்த் தள்ளிப் பாருங்கள்.

சரி, காசுக்கு வருகிறேன். வெளிக்கிடுகிற அன்று பில் வந்தது ரூபாவில் இல்லை, டொலரில். ஓர் இரவுக்கு 140 டொலர், பிளஸ் பிளஸ். காரணம் கேட்டால் அக்காவின் கடவுச்சீட்டு கனடாவாம், அதனால் அறை முழுவதும் வெளிநாட்டவர் விலையாம். அக்காவுக்கு இரட்டைப் பிரஜாவுரிமை இருக்கிறது, தேசிய அடையாள அட்டையும் கையில் இருந்தது, காட்டினாள். பதிவு செய்தபோது எடுத்தது கடவுச்சீட்டுப் பிரதி, இனி மாற்ற முடியாது என்றார்கள். அந்தப் பிரதியை "பொலிஸ் பதிவுக்கு" என்று சொல்லிக் கேட்டு வாங்கியவர்கள் அவர்களேதான். சிகிரியாவில் வெளிநாட்டவருக்குத் தனி விலை என்று எல்லோருக்கும் தெரியும், நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே போட்டிருக்கிறார்கள், வாசித்துவிட்டுப் போவதா திரும்புவதா என்று நாமே முடிவெடுக்கலாம். இங்கே எழுதித் தந்த விலையில் முற்பணம் வாங்கி, படுக்க வைத்து, பெட்டி கட்டிய பிறகு விலையை மாற்றுகிறார்கள். விமானத்துக்குப் போகிற அவசரத்தில் யாரும் நின்று வாதாடமாட்டார்கள் என்று தெரிந்தே செய்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த பிளஸ் பிளஸ் என்ன என்று தெரியாதவர்களுக்கு: முதல் பிளஸ் 10 சதவீத சேவைக் கட்டணம், இரண்டாவது அரசாங்க வரிகள். அதில் பெரியது வற் வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். எங்கள் பில்லில் சேவைக் கட்டணத்தைக் கூட்டிவந்த தொகைக்கு மேலேதான் வற் போட்டிருந்தார்கள், அதனால் 140 டொலர் 181 டொலரைத் தாண்டிவிட்டது. அதையும் அன்றைய வங்கி விலையில் மாற்றாமல் தங்கள் சொந்த விலையில் மாற்றி, நாங்கள் பேசிய 28,000 ரூபாவின் கிட்டத்தட்ட இரண்டு மடங்குக்குக் கொண்டுவந்தார்கள். அட்டையில் கட்டினால் இன்னும் 3 சதவீதம். அந்த 3 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் வாங்கக்கூடாது, வாங்கினால் அட்டை கொடுத்த வங்கிக்கு அறிவியுங்கள் என்று மத்திய வங்கியே பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. பில்லில் வற் என்று ஒரு வரி இருந்ததே தவிர வற் பதிவு இலக்கம் இல்லை. பதிவு செய்த நிறுவனம்தான் அந்த வரியை அறவிடலாம், இலக்கம் போட்ட வரிப் பற்றுச்சீட்டைத் தாருங்கள் என்று அத்தான் கேட்ட பிறகுதான் உள்ளே போய் அரை மணித்தியாலம் கழித்து வேறொரு பில்லோடு வந்தார்கள், அதில் தொகையே கொஞ்சம் குறைந்திருந்தது. எப்படிக் குறைந்தது என்று யாரும் விளக்கவில்லை.

மனேஜர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், "மேடம், நீங்கள் திருப்தியில்லாமல் போவது எங்களுக்குக் கவலை, அடுத்த முறை வரும்போது 15 சதவீதம் குறைத்துத் தருகிறோம்" என்றார். அடுத்த முறைக்கு இல்லை, இந்த முறைக்குப் பேசுங்கள் என்றேன். அம்மா ஒரு பக்கம் கதிரையில் இருந்து, "விடு பிள்ளை, காசு போனாப் போகட்டும், நேரமாகுது" என்கிறார். கடைசியில் அக்காவின் அட்டையில் கட்டிவிட்டு, பில்லின் மேல் "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது" என்று எழுதி, திகதி போட்டு, படம் எடுத்துக்கொண்டோம். இதைச் செய்யுங்கள். கட்டாமல் வெளியேற முடியாத நிலையில் மாட்டினாலும், சம்மதித்துக் கட்டினோம் என்று அவர்கள் பிறகு சொல்ல இடம் இருக்காது.

நீங்கள் அறை போடுகிறீர்கள் என்றால் விலையை ரூபாவில், நெட் என்ற சொல்லோடு, தங்கப்போகிற எல்லோருடைய கடவுச்சீட்டு விவரத்தையும் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். "ஒருவர் கனடாக் கடவுச்சீட்டு, இதே விலைதானா" என்று நேராகவே கேளுங்கள். பழைய கட்டடம் என்று சொல்கிற ஹோட்டல்களிடம், எனக்குத் தருகிற அறை பழைய கட்டடத்துக்குள்தானா, எந்த மாடி, லிஃப்ட் அந்த மாடிக்கு வருமா, யன்னல் எதைப் பார்க்கிறது என்று கேட்டு, அந்த அறையின் வீடியோ ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அங்கே போகாதீர்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவான இடமா என்று அவர்களுடைய தளத்தில் பார்க்கலாம், 1912 க்கு அழைத்தும் கேட்கலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 க்கு அழையுங்கள், ஆனால் அழைப்போடு நிற்காதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வியாபாரிகள் பிழையாக வழிநடத்துவதையும் பொய்யாக விவரித்து விற்பதையும் தடுக்கிறது, சேவைகளும் அதற்குள் வரும், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக்குத் திரும்பிப் போய், வேலைக்குள் மூழ்கி, ஞாபகம் வரும்போது அந்தக் காலம் கடந்திருக்கும். அதனால் அக்காவுடைய கடிதத்தை அவள் விமானம் ஏறுவதற்கு முன்பே எழுதி, கையொப்பம் வாங்கி, வாட்ஸ்அப் உரையாடல், இரண்டு பில், அறையின் படங்கள், பூட்டிய கதவின் படம் எல்லாவற்றையும் இணைத்து நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டைக்கு எடுத்த 3 சதவீதத்தைப் பற்றி அக்கா தன் வங்கிக்கு எழுதினாள், அது திரும்பி வந்துவிட்டது. அறைக் காசு இன்னும் வரவில்லை, விசாரணைக்குத் திகதி தந்திருக்கிறார்கள், நான் போவேன். அதே பகுதியில் உங்களுக்கும் இப்படி டொலர் பில் ஒன்று தந்திருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள், மூன்று மாதம் முடியவில்லை என்றால் இந்தக் கிழமையே எழுதிக் கொடுங்கள்.