பிஎம் கிசான் பயனாளிகள் பட்டியல்: பெயர் இருக்கிறது, தொகை இல்லை

நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் பிஎம் கிசான் திட்டத்தின் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியல் என்று ஒரு பக்கம் இருக்கிறது. கடவுச்சொல் வேண்டாம், ஆதார் எண் வேண்டாம். மாநிலம், மாவட்டம், வட்டம், ஒன்றியம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் அந்த ஊர்ப் பெயர்கள் வந்துவிடும். திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் ஊரில் பலருக்கு நான்தான் போனில் பார்த்துச் சொல்கிறேன்.

2019 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம். வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. ஒரு ஏக்கர் மல்லாட்டைக்கு (நிலக்கடலை) விதைச் செலவுக்கே போதாது. ஆனாலும் அது பொதுப்பணம். அது யாருக்குப் போகிறது என்று மனு எதுவும் போடாமல், யாரையும் கெஞ்சாமல் பார்க்க முடிவது பெரிய விஷயம். இதற்காகவே இந்தப் பக்கத்தை எல்லோரும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

பார்த்தால் குறையும் உடனே தெரிந்துவிடும். பெயர், ஆணா பெண்ணா, அவ்வளவுதான். அப்பா பெயர் இல்லை. எத்தனை தவணை போயிருக்கிறது, மொத்தம் எவ்வளவு என்றும் இல்லை. எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு ஒரு ஏழுமலை இருப்பார். பணம் வாங்குவது ஏரிக்கரை ஏழுமலையா, கீழத்தெரு ஏழுமலையா என்று பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. அப்புறம் எப்படித் தப்பைக் கண்டுபிடிப்பது?

தப்பு நடக்காத திட்டமும் இல்லை. 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் வெடித்த முறைகேடு நினைவிருக்கும். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் எனப் பல மாவட்டங்களில், தகுதியே இல்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயரில் சுமார் 110 கோடி ரூபாய் போயிருந்தது. அலுவலர்களின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, தனியார் கணினி மையங்கள் வழியாகப் பெயர்களை ஏற்றியிருந்தார்கள். சிபிசிஐடி விசாரித்தது. யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். முழு விவரத்தோடு ஒரு பட்டியல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால் முதல் தவணையிலேயே கேள்வி எழுந்திருக்கும்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் யார் எத்தனை நாள் வேலை பார்த்தார், எவ்வளவு கூலி என்பதுவரை இணையத்தில் போட்டார்கள், சமூகத் தணிக்கையும் நடத்தினார்கள். கூலிக்காரர் கணக்கை ஊர் பார்க்கலாம் என்றால் நிலம் உள்ளவர் கணக்கையும் பார்க்கலாம். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் இதெல்லாம் வெளியே வரவே கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தந்தை அல்லது கணவர் பெயரும் வாங்கிய தொகையும் போதும்.

இன்னொன்று, இந்தப் பட்டியலில் யார் இல்லை என்பதையும் பாருங்கள். குத்தகைக்கு உழுபவர்கள் இல்லை. மாமனார் பெயரிலேயே பட்டா நின்றுபோன வீட்டில், தினமும் வயலில் நிற்கும் மருமகள் இல்லை. திட்டத்தின் விதியே அப்படி. பட்டா யார் பெயரிலோ அவருக்குத்தான் பணம்.

இந்தப் பக்கத்துக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுப்பேன். வரும் கிராம சபையில், தொகையோடு கூடிய பட்டியலைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டவும் சபையில் வாசிக்கவும் கேட்டுத் தீர்மானம் கொண்டுவர நாங்கள் சிலர் பேசி வைத்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் கேளுங்கள்.