வாங்கிய கிட்டா, வீட்டுச் சாமானா? பாலர் வகுப்புக் கைவேலை: ஓர் ஒப்பீடு

எங்கள் கோயிலில் (சர்ச்சில்) ஞாயிறு பாலர் வகுப்பை நான் எடுக்கத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை, ஞாயிறுக்கு ஞாயிறு கூடக்குறைய இருந்தாலும் சராசரியாக 25 பிள்ளைகள். முதல் இரண்டு வருஷம் ஜெராக்ஸ் எடுத்த படத்துக்கு வண்ணம் தீட்ட வைத்தேன். மூன்றாம் வருஷம் சபைச் செலவில் கைவேலை கிட் வாங்கினோம். அதன்பிறகு இன்றுவரை தீப்பெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை, ஓலை, சிரட்டை, தையல்கடை வெட்டுத்துணி இவைதான். பக்கத்துச் சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தில்) புதிதாக வகுப்பு எடுக்கப்போகும் ஒரு தங்கச்சி, "எதை வாங்கட்டும் அக்கா?" என்று போன வாரம் கேட்டாள். போனில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் வீட்டுச் சாமான் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்ணம் தீட்டும் தாளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தாள் இரண்டு ரூபாய். முந்தின நாள் வேலை எதுவும் கிடையாது. ஆராதனை நீண்டுபோய் வகுப்புக்கு 20 நிமிஷமே மிஞ்சுகிற நாளில் அதுதான் கைகொடுக்கும். பீரோவில் இன்றைக்கும் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். ஆனால் நோவா கதை என்றாலும் யோனா கதை என்றாலும் தாவீது கதை என்றாலும் பிள்ளையின் கை செய்வது ஒரே வேலைதான்: கோட்டுக்குள் கிரேயானைத் தேய்ப்பது.

கிட் அப்படியில்லை. அதன் நல்லதை மறைக்கக் கூடாது. பாக்கெட்டைப் பிரிக்கும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் சந்தோஷம் வேறு எதிலும் வராது. வெட்டி வைத்த ஃபோம் துண்டுகள், ஸ்டிக்கர், உருளுகிற கண்கள், ஜிகினா, எல்லாம் அளவாக இருக்கும். யார் செய்தாலும் அழகாகவே வரும், "எனக்கு மட்டும் நல்லா வரல" என்று எந்தப் பிள்ளையும் அழாது. சொல்லிக்கொடுப்பவர் புதியவராக இருந்தாலும் சமாளித்துவிடலாம். மே மாத வி.பி.எஸ்-ஸுக்கு (விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு) 150 பிள்ளைகள் வந்து, கல்லூரிப் பிள்ளைகள்தான் உதவிக்கு நிற்கிறார்கள் என்றால் கிட்டை நானே சிபாரிசு செய்வேன். விலைதான் இடிக்கும். நாங்கள் வாங்கியது பிள்ளைக்கு 90 ரூபாய். மாசம் ஒன்று என்றால்கூட 25 பேருக்கு 2,250 ரூபாய். சரி, மனமிருந்தால் சபையில் யாராவது கொடுத்துவிடுவார்கள். நான் கிட்டை விட்டதற்குக் காரணம் காசு அல்ல.

வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கைவேலை கதை சொல்கிறதா? எனக்கு எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் முடிவாயிற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை என்னோடு இருப்பது வாரத்தில் 45 நிமிஷம். அதில் பாட்டு, ஜெபம், மனப்பாட வசனம் போகக் கதைக்குக் கிடைப்பது கால் மணி நேரம். அந்தக் கால் மணியில் அன்பையும் நேர்மையையும் நான் ஊட்டிவிட முடியாது. பிள்ளை அந்தக் கதையை அம்மாவிடம் ஒரு தரம், பாட்டியிடம் ஒரு தரம், தெருவில் கூட விளையாடும் பிள்ளையிடம் ஒரு தரம் தானே சொன்னால்தான் அது உள்ளே இறங்குகிறது. வகுப்பில் நான் சொல்லும்போது அது என் கதை. தான் சொல்லும்போதுதான் அது பிள்ளையின் கதை.

கிட் வாங்கின வருஷம் வீடு சந்திப்புக்குப் போனபோதெல்லாம் இதைக் கவனித்தேன். நோவாவின் பேழை, அதாவது பெருவெள்ளத்தில் மிருகங்களைக் காத்த கப்பல், ஃபிரிட்ஜ் மேல் அழகாக ஒட்டியிருக்கும். "இது என்ன கதை?" என்று கேட்டால், "யானை ஸ்டிக்கர் ஒட்டினோம்" என்பான் பிள்ளை. அவன் சொன்னது உண்மைதான், அவன் கை செய்தது ஸ்டிக்கர் ஒட்டுவது மட்டும்தானே. வசனமும் இங்கிலீஷில் அச்சாகியிருந்தது. அந்த வீட்டில் தினமும் ராத்திரி பைபிள் வாசிப்பவர் பாட்டி. அவரால் அதைப் படிக்க முடியவில்லை. மழைக்காலத்தில் ஃபோம் உரிந்து வந்தது, அம்மா எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதைத் திரும்ப ஒட்ட வீட்டில் எது இருக்கிறது?

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி ஒன்றுதான். கதையில் என்ன செயல் நடக்கிறதோ அதையே பிள்ளையின் கையும் செய்ய வேண்டும், வீட்டில் மறுபடி மறுபடி செய்ய முடிய வேண்டும்.

சகேயு கதையை எடுத்துக்கொள்ளுங்கள், பைபிளில் லூக்கா 19. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய குள்ளமான வரிவசூல்காரன் அவன். கல்யாணப் பத்திரிகை அட்டையில் மரம் வரைந்து, அடியில் ஒரு ஓட்டை, உச்சியில் ஒரு ஓட்டை போடுகிறோம். இரண்டின் வழியாகவும் நூலைக் கோத்து, பின்பக்கம் முடிச்சுப் போட்டு வளையமாக்குகிறோம். முன்பக்க நூலில் விரல் அளவு சகேயு. பின்னால் நூலை இழுத்தால் அவன் ஏறுவான், எதிர்ப்பக்கம் இழுத்தால் இறங்குவான். அவன் ஏறிய காட்டத்தி மரம் எங்கள் ஊரில் கைக்குக் கிடைக்காது, வேப்பிலையைக் கிள்ளி ஒட்டினோம். கூடவே ஒரு தீப்பெட்டியில் பத்துப் பன்னிரண்டு புளியங்கொட்டை. "ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று சகேயு சொல்கிறானே, அந்த இடத்துக்குத்தான் கொட்டை. ஒன்று எடுத்தவன் நாலு எண்ணி வைக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வீட்டுக்குப் போனேன். ஐந்து வயதுப் பையன் திண்ணையில் உட்கார்ந்து பாட்டிக்கு அதை நடத்திக் காட்டிக்கொண்டிருந்தான். நூலைச் சுண்டி, "சகேயு, சீக்கிரம் இறங்கு, இன்னைக்கு உங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வாரேன்" என்றான். வசனத்தில் இருப்பது "உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்பது, அவனுக்கு அது சாப்பாடாகிவிட்டது. எனக்கு அது போதும். இடையில் ஒரு தரம் நூல் அறுந்திருக்கிறது, பாட்டியே தையல் நூலில் கட்டிக் கொடுத்திருக்கிறார். வீட்டுச் சாமானில் செய்தது வீட்டிலேயே பழுது பார்க்கப்படும். பராமரிப்பு என்றால் நான் இதைத்தான் சொல்கிறேன். கட்டிக் கொடுக்கும்போது பாட்டி கதையையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்!

அதே பையன் அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் என் சேலையைப் பிடித்து இழுத்து நின்றான். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் ரப்பரை எடுத்துவிட்டானாம். "நாலு ரப்பர் தரணுமாக்கா?" முதலில் அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு வா என்றேன். ஓடிப்போய்க் கொடுத்தான். நேர்மையைப் பற்றி நான் அந்த வகுப்பில் தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

காணாமற்போன வெள்ளிக்காசுக்கும் இதே வழிதான். பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த ஸ்திரீ விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். அதனால் தென்னை ஈர்க்கில் கை அளவு விளக்குமாறு கட்டினோம். ஜிகினாத் தாளில் பத்துக் காசு. வீட்டில் ஒன்றை ஒளித்துவைத்துத் தேட வேண்டும், கிடைத்ததும் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த வாரம் மூன்று அம்மாமார் சிரித்துக்கொண்டே புகார் சொன்னார்கள்.

நோவாவுக்குச் சிரட்டையில் பேழை. ஆனால் அதைவிட முழம்தான் நன்றாக வேலை செய்தது. 300 முழம் நீளம், 50 முழம் அகலம், 30 முழம் உயரம் என்று ஆதியாகமத்தில் இருக்கிறது. பூக்காரம்மா கையை நீட்டி அளப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு முழம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயிலை ஒரு பெரியவர் கையால் கயிறு வைத்து அளந்தோம். வாசலிலிருந்து பீடம் வரை ஏறத்தாழ 50 முழம். பேழையின் அகலமே எங்கள் கோயிலின் நீளம்! பிள்ளைகள் கொஞ்ச நேரம் வாயடைத்து நின்றார்கள். மழை வருமுன்னே அத்தனை பெரியதைக் கட்ட நோவாவுக்கு எவ்வளவு பொறுமையும் கீழ்ப்படிதலும் வேண்டியிருந்திருக்கும் என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

யோசித்தால் இது புதுசும் இல்லை. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் தாத்தாவோ அத்தையோ பக்கத்தில் உட்கார்ந்து ஓலைச் சிலுவை மடிக்கச் சொல்லித்தருவது நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாக நடக்கிறது. மறுநாள் பிள்ளை அதைப் பிடித்து ஓசன்னா பாடிப் பவனி போகிறது. அப்புறம் அது வருஷம் முழுக்க நிலைப்படியிலோ படத்துக்குப் பின்னாலோ காய்ந்துகொண்டு இருக்கிறது, யாரும் எடுத்து எறிவதில்லை.

இனி இதன் கஷ்டங்கள். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் போய்விடும். 25 அட்டையில் ஓட்டை போட்டு, நூல் வெட்டி, நாலு வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டியதை முன்கூட்டியே வெட்டி வைக்க வேண்டும். அந்த வயதில் பலருக்குக் கத்தரிக்கோல் சரியாகப் பிடிபடாது. வாலிபர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வராவிட்டால் என்னால் முடிந்திருக்காது. முதல் தரம் செய்த சிரட்டைப் பேழைகள் அண்டாவில் வைத்ததும் கவிழ்ந்தன. அடியில் களிமண் அப்பி எடை கொடுத்த பிறகுதான் மிதந்தன. அந்தக் களிமண் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகளில் ஏறியதில் அம்மாமாருக்கு வருத்தம், நியாயமான வருத்தம். இப்போது பழைய சட்டை ஒன்று கொண்டுவரச் சொல்கிறோம். மைதாப் பசையைக் கரப்பான் அரிக்கும், அதற்காகக் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள். துத்தம் விஷம், பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் நான் அதைச் சேர்ப்பதே இல்லை. புளியங்கொட்டையைச் சின்னதுகள் மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும். தம்பி தங்கச்சி இருக்கும் வீடு என்றால் கொட்டையைத் தீப்பெட்டியில் கொடுக்காமல் அட்டையிலேயே அழுத்தி ஒட்டிவிடுங்கள்.

துணிப் பலகையில் உருவங்களை ஒட்டிக் காட்டும் பிளானல் கிராப்பை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. அது ஆசிரியர் கதை சொல்லும் கருவி. எங்களிடம் இருக்கும் பழைய துணிப் பலகையும் பின்னால் உப்புத்தாள் ஒட்டிய உருவங்களும் இன்னும் நன்றாக உழைக்கின்றன. கைவேலைக்கு முன் கதையை அதில்தான் சொல்கிறேன்.

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது ஒத்துவருமா என்று கேட்டால் என்னிடம் பதில் கம்மி, நான் அந்த வகுப்பு எடுத்ததில்லை. ஓலையும் சிரட்டையும் கிடைக்காத நகரத்துச் சபையிலும் செய்து பார்த்ததில்லை, ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கு எந்த ஊரிலும் பஞ்சம் இராது. பசை விரலில் பட்டாலே அழும் பிள்ளை ஒருவன் இருக்கிறான். அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டிய நல்ல சமாரியன் கதைக்கு வெட்டுத்துணியில் காயக்கட்டு கட்டும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன், பசையே வேண்டாம். அமைதியாக உட்கார்ந்து அத்தனை பேருடைய பொம்மைக்கும் கட்டினான். ஆனால் ஒரு பிள்ளையை வைத்து எல்லாருக்கும் வழி சொல்ல மாட்டேன். இந்தக் கதைகள் அவர்கள் குணத்தில் எவ்வளவு நிலைக்கும் என்றும் இப்போதே அடித்துச் சொல்லத் துணிவில்லை. என் முதல் பிள்ளைகளுக்கு இப்போதுதான் பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகிறது.

தங்கச்சிக்குச் சொன்னது இவ்வளவுதான்: ஒரு பஞ்சிங் மிஷின் வாங்கு, இரண்டு கண்டு நூல் வாங்கு. பழைய கல்யாணப் பத்திரிகை தரச் சொல்லி ஆராதனை அறிவிப்பில் ஐயரை (சபைப் போதகரை) சொல்லவை. வழவழப்பான அட்டையில் பசை நிற்காது, ஒட்டும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள். சகேயுவில் தொடங்கு. அவளும் இந்தச் சனிக்கிழமை எங்கள் கோயிலுக்கு வருகிறாள். அடுத்த பாடம் இயேசு குணமாக்கிய பத்து குஷ்டரோகிகள், நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான். பத்து ஐஸ் குச்சி வெட்டி வைத்துவிட்டேன். ஒரே நூலை இழுத்தால் பத்தும் போய், ஒன்று மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வர வேண்டும். அதை எப்படிக் கட்டுவது என்று இன்னும் பிடிபடவில்லை.